ஆள் வருது

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து இந்தப் பக்கத்தின் முதல் வரிசையிலும் ஒரு துண்டைப் போட்டுவிடுவார். ஜெர்மனியில், வால்டோர்ஃபில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் எனக்கு மேல்மாடியில் குடியிருந்தவர், மதுரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதனால் எனக்கு அவர் சார். அவருக்கு நான் மேடம். இருவருக்கும் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேலை.

முதலில் பார்த்தது அலுவலக உணவறையில். நீளமான மேசை. நான்கு நாற்காலிகளில் முறையே அடையாள அட்டை, கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். ஐந்தாவதில் அவர். உணவறையில் முக்கால்வாசி இடம் காலி. கையில் தட்டோடு வந்த ஓர் உயரமான வெள்ளைத் தலை ஜெர்மானியர், கைக்குட்டை இருந்த நாற்காலியை இழுத்தார்.

"ஆள் வருது சார்" என்றார் இவர், சுத்தத் தமிழில். பிறகு ஞாபகம் வந்து, "பெஸெட்ஸ்ட்" என்றார். இடத்தில் ஆள் இருக்கிறது என்று பொருள். ஜெர்மன் மொழியில் அவர் முதலில் கற்றதும் முழுமையாகக் கற்றதும் அந்த ஒரு சொல்தான்.

வெள்ளைத் தலைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். அவர் எங்கள் துறைத் தலைவர் என்பது எனக்கு மறுவாரம் தெரிந்தது. இவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் இடம் இடம்தானே.

அந்த நாற்காலிகளுக்கு யாரும் வரவில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள், தட்டை ஏந்திக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்ற என்னைப் பார்த்துக் கையசைத்தார். "வாங்க மேடம், உங்களுக்குத்தான் போட்டு வச்சேன்." அதற்கு முன் அவர் என்னைப் பார்த்ததே இல்லை. கண்ணாடிக் கூட்டை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். மற்ற மூன்றையும் எடுக்கவில்லை.

ஊரில் பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கலையை விமானத்தில் ஏற்றி ஜெர்மனிக்குக் கொண்டுவந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவரே. ஹைடெல்பெர்க் ரயில் நிலையத்தில் ஒருமுறை, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே, மேலே சாய்வாகத் திறந்திருந்த ஜன்னல் இடுக்கில் கைக்குட்டையைக் குறிபார்த்து எறிந்தார். அது உள்ளே ஓர் அம்மாள் மடியில் வைத்திருந்த கேக்கின் மேல் விழுந்தது. நாங்கள் ஏறிப் பார்த்தால், அந்தப் பெட்டியில் இருந்தது அந்த அம்மாளும் கேக்கும் மட்டும்தான். க்ரீம் படிந்த கைக்குட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "பாருங்க, உக்கார இடம் கிடைச்சிருச்சு" என்றார் என்னிடம், வெற்றியோடு.

விசா புதுப்பிக்கும் அலுவலகத்தில் இயந்திரத்தில் வரிசை எண் எடுக்க வேண்டும். எல்லோரும் ஒன்று எடுப்பார்கள். இவர் ஆறு எடுப்பார். முதல் முறை பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு மூச்சு வாங்க ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் வந்தார்.

"அண்ணை, உங்களிட்டை நம்பர் இருக்கெண்டு வெளியிலை சொல்லிச்சினம். ஒண்டு தாங்கோ."

"எடுத்துக்கம்மா. அடுத்ததா கூப்பிடுற நம்பரு."

"ஓம் அண்ணை, பெரிய உதவி. இன்னும் ஒண்டு இருந்தா நல்லம். தங்கச்சியும் வாறாள்."

அவர் பெருமையோடு என்னைப் பார்த்தார். ஆள் வந்துவிட்டதாம்.

இந்த நாட்டு நீச்சல்குளங்களில் காலையிலேயே வந்து சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டு வைப்பார்கள் என்று கேள்விப்பட்ட அன்றுதான் அவர் ஜெர்மனியை மனதார ஏற்றுக்கொண்டார். "நாகரிகம் தெரிஞ்ச ஜனங்க மேடம்." அவருக்கு நீந்தத் தெரியாது. கோடையில் சனிக்கிழமைதோறும் போய், துண்டைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காவல் காத்துவிட்டு, நனையாமல் வீட்டுக்கு வருவார்.

எதற்காக இதெல்லாம் என்று ஒருமுறை கேட்டேன். "இடம் இருந்தா ஆள் வந்துரும் மேடம்" என்றார். 

அவருடைய வீட்டில் மூன்று அறைகள். ஆள் ஒருவர். ஓர் அறையில் ஓரத்தில் தடுப்புக் கம்பி வைத்த சின்னக் கட்டில் ஒன்று, மேலே யானைப் படம் போட்ட போர்வை. மகளுக்கு. அவருடைய மனைவிக்கு மதுரையில் அஞ்சலகத்தில் நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு வர அந்த அம்மாளுக்கு மனமில்லை, மகளைத் தனியாக அனுப்ப அதைவிட மனமில்லை. அவர் கிளம்பி வந்தபோது ஹரிணிக்கு இரண்டு வயது. கட்டிலும் இரண்டு வயதுக்கு அளவெடுத்து வாங்கியதுதான். இடையில் இரண்டு முறை ஊருக்குப் போனார். இரண்டு முறையும் அவள் பழகத் தொடங்குவதற்குள் லீவு முடிந்துவிட்டது.

ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த அந்த ஆண்டில் தாயும் மகளும் ஒன்றரை மாதத்துக்கு வந்தார்கள். வருவதற்கு முன் அவர் செய்த ஒரே தவறு, தொலைபேசியில் ஆறு வயதுப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தது. "நீ வா தாயி, ஸ்டேடியத்துல உக்கார வச்சு மேட்ச் காட்டுறேன். முதல் வரிசை." அதை அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். டீச்சரிடமும் சொல்லிவிட்டாள். அந்த ஆட்டங்களுக்கு டிக்கெட்டைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். குலுக்கலில் துண்டு போட இடமில்லை. அவர் விண்ணப்பம் ஒவ்வொன்றும் திரும்பி வந்தது.

டிக்கெட் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய சிக்கல், பிள்ளை அவரோடு பேசவில்லை. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. மிகுந்த மரியாதையோடு, பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல இருந்தாள். அவர் சாப்பாட்டு மேசையில் தன் பக்கத்து நாற்காலியில் தட்டு வைத்து வைப்பார். அவள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாள். எதுவும் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பாள். அம்மா குளிக்கப் போயிருந்தால் என்னிடம்.

"ஆன்ட்டி, தண்ணி வேணும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அவர் கையெட்டும் தூரத்தில்தான் நிற்பார். அவரும் ஒன்றும் குறைந்தவரில்லை. "மேடம், ஃப்ரிட்ஜ் தண்ணியா, சாதாத் தண்ணியான்னு கேளுங்க."

தமிழ் தெரிந்த இரண்டு பேருக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த அனுபவம் எனக்கு அப்படிக் கிடைத்தது.

அவர்கள் ஊர் திரும்ப ஒரு வாரம் இருந்தபோது கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு என் வீட்டுக்கு வந்தார். ரொட்டிக் கடையில் கிடைத்ததாம். மன்ஹைம் தாண்டி ஒரு சிறிய கிளப்பின் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டம்.

"பேஸ்பாலா? உங்களுக்கு அதில் என்ன தெரியும்?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? பந்து இருக்கு, ரெண்டு டீம் இருக்கு, முதல் வரிசை இருக்கு. ஆறு வயசுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

அவருடைய மனைவி வர மறுத்துவிட்டார். "நான் வந்தா அவ என் சேலையை விட மாட்டா. நீங்க ரெண்டு பேரும் போங்க." பிறகு என்னைத் தனியாக அழைத்தார். "நீங்க துணைக்குப் போயிட்டு வாங்க மேடம். ஆனா ரொம்ப உதவி பண்ணிராதீங்க."

ஆட்டம் பிற்பகலில். எங்களைக் காலையிலேயே கிளப்பிவிட்டார். கூட்டம் நெருக்கித் தள்ளுமாம். ஜெர்மானியர்களைப் போல அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போட்டிருந்தார். எஸ்-பான் என்னும் புறநகர் ரயிலில் போய், டிராமில் மாறி, ஸ்ட்ராபெர்ரி வயல் ஓரமாக நடந்து மைதானத்தை அடைந்தபோது அங்கே ஒரே ஒருவர் இருந்தார். சின்னத் தள்ளுவண்டியில் சுண்ணாம்பு வைத்துத் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் எப்போது வரும் என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மனிதர் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெள்ளைக் கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வந்தாயிற்று என்று அர்த்தம்.

கம்பிவலைக்குப் பின்னால் மூன்று வரிசை மரப் பலகைகள். இவர் முதல் வரிசையில் ஈரோட்டுத் துண்டு இரண்டை நீளமாக விரித்தார். அந்தப் பக்கம் குடை, இந்தப் பக்கம் புளியோதரைப் பை, நடுவில் என் ஸ்வெட்டர். மூன்று பேருக்கு எட்டு இடம்.

"எதுக்கு சார் எட்டு?"

"யாராவது தமிழ் ஆள் வந்தா?"

ஆட்டம் தொடங்கியபோது முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் குடும்பத்தார். மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுவந்து மர நிழலில் போட்டுக்கொண்டார்கள். சாஸேஜ் ரொட்டியோடு வந்த ஒரு பருத்த மனிதர் மட்டும் தெரியாமல் துண்டின் ஓரத்தில் உட்காரப் போனார். "பெஸெட்ஸ்ட்!" என்ற குரலில் அவருடைய ரொட்டியிலிருந்த கடுகுச் சாந்து சட்டையில் சிந்தியது.

ஹரிணி அவர் விரித்த துண்டில் உட்காரவில்லை. எனக்கு மறுபக்கம், வெறும் பலகையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது ஃபுட்பால் இல்ல."

"ஆமாம்மா."

"யாருமே காலால உதைக்கல. ஸ்கூல்ல கேட்டா என்ன சொல்றது?"

"மேடம், இது அதைவிடப் பெரிய கேம், அமெரிக்கா பூரா இதான்னு சொல்லுங்க" என்றார் அவர் என் வலக் காதில்.

"அப்ப ஏன் யாரும் பார்க்க வரலைன்னு கேளுங்க" என்றாள் அவள் என் இடக் காதில்.

பேஸ்பால் பற்றி எங்கள் மூவரின் மொத்த அறிவும் பூஜ்யம். ஒருவர் எறிந்தார். இன்னொருவர் மட்டையைச் சுற்றினார், படவில்லை. நடுவர் கத்தினார். எல்லோரும் நின்ற இடத்தில் துப்பினார்கள். பிறகு திரும்ப அதே. எனக்கு அலுவலகக் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன. அவர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அவள் வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள். அவர் பொட்டலத்தைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் அவள் போய்விடுவாள். அவர் கையிலிருந்த கடைசிச் சீட்டு இந்த ஆட்டம்தான். அது முப்பது பேர் முன்னிலையில் தோற்றுக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, எங்கள் தலைக்கு மேல் பறந்து, பின்னால் வெளியே விழுந்தது. உடனே நான்கைந்து ஜெர்மன் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி அதை எடுத்து வந்து சாஸேஜ் விற்கும் குடிசையில் கொடுத்தாள். அங்கிருந்த பெண்மணி அவளுக்கு ஒரு பொட்டலம் ஜெல்லி மிட்டாய் கொடுத்தார். பந்து விலை அதிகம், கிளப் சிறியது. திருப்பிக் கொண்டுவந்தால் மிட்டாய்.

ஹரிணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த பந்து வெளியே போனதும், "ஆன்ட்டி, வாங்க" என்றாள்.

"எனக்கு முட்டி வலிக்கும்மா. அப்பாவைக் கூப்பிடு."

அவள் கூப்பிடவில்லை. மிட்டாய் வேறு யாருக்கோ போனது. மூன்றாவது பந்து போனபோது அவள் தனியாகவே ஓடிவிட்டாள்.

அவர் பதறி எழுந்தார். மகளைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். "மேடம், இடத்தைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

"நான் காபி வாங்கப் போறேன் சார்" என்று நான் எழுந்தேன். ரொம்ப உதவி பண்ண வேண்டாம் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை.

இரண்டடி போனார். திரும்பி வந்தார். குடையை விரித்துத் துண்டின் மேல் வைத்தார். மறுபடி போனார், மறுபடி நின்று, எட்டுக் காலி இடத்தையும் ஒருமுறை பார்த்தார். அடுத்த வரிசைகளில் ஈ கூட இல்லை. பிறகு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். பிடித்த இடத்தை விட்டுவிட்டு எழுந்து பார்த்ததும் அன்றுதான்.

நான் குடிசையருகே நின்றதால் மீதியை நன்றாகவே பார்க்க முடிந்தது. வேலிக்கும் ஸ்ட்ராபெர்ரி வயலுக்கும் நடுவில் இடுப்பளவு செடி அடர்ந்திருந்தது. பந்து அதற்குள் வெள்ளையாகத் தெரிந்தது. ஜெர்மன் பிள்ளைகள் சுற்றி வரிசையாக நின்றார்களே தவிர, ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. ஹரிணியும் தயங்கி நின்றாள். இவர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கைக்குட்டையை எடுத்துப் பந்தின் மேல் எறிந்தார். "பெஸெட்ஸ்ட்!" பிள்ளைகள் அவரை வியப்போடு பார்த்தார்கள். ஒரு பெண் ஏதோ எச்சரித்துச் சொன்னாள். அவருக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லை அவர் ஏற்கெனவே செலவழித்துவிட்டார்.

"துளசி தாயி" என்று மகளிடம் சொன்னார். "பாரு, எம்புட்டு துளசி. இந்த ஊர்க்காரங்களுக்கு அருமை தெரியல, காடா விட்டிருக்காங்க. ஒண்ணும் பண்ணாது, வா."

ஓரம் ரம்பம்போல் வெட்டிய அதே சின்ன இலை. தூரத்திலிருந்து எனக்கும் துளசியாகத்தான் தெரிந்தது. அவர் பயபக்தியோடு ஒரு கொத்தைக் கிள்ளி மகளின் கையில் கொடுத்தார். தானும் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போடப் போனார். பிறகு பெருமாள் சன்னதிக்குள் போவதுபோல் இருவரும் உள்ளே போனார்கள்.

அது காஞ்சொறி இனம், பட்டு ஓரிரு நொடி கழித்துத்தான் எரியத் தொடங்கும். ஐரோப்பாவில் வேலியோரம் எங்கும் முளைப்பது. இங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கே தெரியும்.

முதலில் அலறியது அவர். அவளுடையது அதைவிட உரத்தது. மைதானத்தில் ஆட்டம் நின்றது. மட்டையோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அரைக்கால் சட்டைக்கும் காலுறைக்கும் நடுவிலிருந்த முழங்கால்களை அந்தத் துளசிக்கு அர்ப்பணித்தபடி அவர் வெளியே வந்தார். பந்தையும் விடவில்லை.

குடிசைப் பெண்மணிக்குப் பழக்கம் போலும். தரையிலிருந்து ஏதோ ஒரு நீள இலையைப் பறித்துக் கசக்கி ஹரிணியின் கைகளில் தேய்த்தார். கவிழ்த்த பீர்ப் பெட்டியின் மேல் அவளை உட்கார வைத்தார். இவர் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்தார். முழங்கை முதல் முழங்கால் வரை தடித்திருந்தது.

ஹரிணி தேம்புவதை நிறுத்திவிட்டு அந்தப் பெண்மணியிடம் தமிழிலேயே முறையிட்டாள். "எல்லாம் அப்பா மேலதான் தப்பு."

அந்தச் சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டது அப்போதுதான். குற்றப்பத்திரிகையில் வந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"துளசின்னு சொன்னீங்க! துளசி கடிக்குமா? நம்ம வீட்டுத் துளசி என்னைக்காச்சும் கடிச்சிருக்கா?"

"இல்ல தாயி."

"அத்தனை பிள்ளைங்களும் தள்ளி நிக்குதுல்ல? அத வச்சே தெரிய வேணாமா? பெரியவங்கதான நீங்க?"

"ஆமா தாயி."

"உங்களுக்கு ஃபுட்பாலும் தெரியல, துளசியும் தெரியல!"

"தெரியல தாயி."

ஒரு மாதத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்ததை அவள் ஒரே தவணையில் கொட்டினாள். அவர் சொறிந்துகொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். பெண்மணி பந்தை வாங்கிக்கொண்டு இரண்டு பொட்டலம் மிட்டாய் கொடுத்தார், ஆளுக்கொன்று. ஹரிணி இரண்டையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் குடிசையின் பின்சுவர் மட்டும்தான் தெரியும். மிச்ச ஆட்டம் முழுவதையும் அவர்கள் அங்கே இருந்துதான் பார்த்தார்கள். முதல் வரிசையில் விரித்த குடைக்கடியில் எட்டு இடம் கடைசிவரை அப்படியே இருந்தது. கிளம்பும்போது அவற்றையெல்லாம் மடித்து எடுத்து வந்தவள் நான். யார் ஜெயித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

திரும்பும் எஸ்-பானில் பெட்டி நிறைய இடம். ஹரிணி அவருடைய மடியில்தான் உட்கார்ந்தாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்துத் திட்ட வசதி. வீட்டில் அம்மாவிடம் முதலிலிருந்து மறுபடி சொன்னாள். துளசிக் காடு அதற்குள் இரண்டு பங்கு வளர்ந்திருந்தது. அந்த வாரம் முழுவதும் காலையில் எழுந்ததும் நேராக அவரிடம் போய், சட்டைக் கையைத் தூக்கிப் பார்ப்பாள். "இன்னும் அரிக்குதா?"

இரண்டாம் நாளே அவருக்குத் தடிப்பு ஒரு சுவடும் இல்லாமல் மறைந்துவிட்டது. எனக்குத் தெரியும், நானே பார்த்தேன். ஆனாலும் வெள்ளிக்கிழமைவரை அரித்தது. சனிக்கிழமை அவர்கள் விமானம் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தொலைபேசியை முதலில் பிடுங்குபவள் அவள்தான் என்று அவருடைய மனைவி எனக்குச் சொன்னார். முதல் கேள்வியும் அதேதானாம்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஏதோ இரவல் வாங்க மேலே போயிருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளி ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். மருத்துவ உலகத்தில் அரை ஆண்டு நீடித்த காஞ்சொறி அரிப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவள் பார்க்க முடியாது என்பதெல்லாம் நினைவில்லாதவராக, முழங்கையை மும்முரமாகச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"ஆமா தாயி. இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு."